குறைந்த விலையில் நல்ல ஒலி: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியும் காதொலிப்பானின் வரலாறும்

காதொலிப்பான் என்பது மின்னலைகளை ஒலியாக மாற்றி, கேட்பவரின் காதுக்கு மட்டும் தரும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது ஹெட்போன், இயர்போன், ஹெட்செட் என்று அழைக்கப்படுகிறது. தலைக்கு மேல் வளைவாக அணிவது, காது மடலில் தொங்குவது, காதுத் துளைக்குள் செருகுவது என இதில் பல வகைகள் உள்ளன. தொலைபேசி இணைப்பகத்தில் தொடங்கிய இக்கருவி, இன்று ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்ட் பேருந்தில் செல்லும் தொழிலாளர் முதல் பள்ளி மாணவர் வரை பலரிடமும் உள்ளது. குறைந்த செலவில் நல்ல ஒலியைக் கேட்க வேண்டும் என்ற விருப்பம் ஏறத்தாழ நூறாண்டுகளாக இக்கருவியின் வரலாற்றோடு பிணைந்துள்ளது.

தொடக்க காலம்

தொலைபேசி 1876-இல் காப்புரிமை பெற்றது. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் 1882-இல் திறக்கப்பட்டன. இணைப்பகப் பணியாளர்கள் இரு கைகளாலும் இணைப்புகளை மாற்ற வேண்டியிருந்ததால், கேட்கும் கருவியைத் தலையில் மாட்டிக்கொள்ளும் ஏற்பாடு தேவைப்பட்டது. பிரான்சைச் சேர்ந்த எர்னஸ்ட் மெர்காடியே என்ற பொறியாளர் 1891-இல் காதுக்குள் செருகும் சிறிய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தேனியல் பால்ட்வின் 1910-இல் தம் வீட்டில் செய்த காதொலிப்பானை அமெரிக்கக் கடற்படை வாங்கியது. 1937-இல் பெர்லினில் ஒய்கன் பையர் என்பவரின் நிறுவனம் சுருளும் காந்தமும் கொண்ட டைனமிக் வகைக் காதொலிப்பானை வெளியிட்டது. இன்று விற்கப்படும் காதொலிப்பான்களில் பெரும்பாலானவை இதே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

இதன் செயல்முறை எளிது. ஒரு மெல்லிய சவ்வின் பின்புறம் நுண்ணிய கம்பிச் சுருள் ஒட்டப்பட்டிருக்கும். அச்சுருள் ஒரு நிலைக்காந்தத்தின் புலத்தில் அமைந்திருக்கும். பாட்டின் மின்னலை சுருளில் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனுடன் சவ்வும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வே ஒலியாகக் காதில் விழுகிறது.

சென்னை வானொலிச் சங்கமும் பளிங்கு வானொலியும்

தமிழ்நாட்டில் காதொலிப்பான் பொதுமக்களின் கைக்கு வந்தது வானொலியின் வழியாகத்தான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924-இல் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தை ஏற்படுத்தினார். அவ்வாண்டே அதன் ஒலிபரப்பு தொடங்கியது. அக்காலத்தில் வால்வு வானொலிப் பெட்டி விலை உயர்ந்த பொருள். அதற்கு மாற்றாக இருந்தது பளிங்கு வானொலி. கலீனா என்னும் ஈயத்தாதுத் துண்டு ஒன்று, கம்பிச் சுருள் ஒன்று, நீண்ட ஏரியல் கம்பி ஒன்று, ஒரு காதொலிப்பான் ஆகியவை இருந்தால் போதும். மின்சாரமோ மின்கலமோ தேவையில்லை. வானில் வரும் அலையின் ஆற்றலே சவ்வை அசைக்கப் போதுமானதாக இருந்தது.

அந்தச் சிறிய ஆற்றலால் ஒலிபெருக்கியை இயக்க முடியாது. எனவே குறைந்த செலவில் வானொலி கேட்க விரும்பியவருக்குக் காதொலிப்பான் ஒன்றே வழி. இன்று தனிமைக்காக விரும்பி அணியப்படும் கருவி, அன்று வசதி குறைந்தவரின் வானொலியாக இருந்தது.

பணமுடையால் சங்கம் 1927-இல் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சிக்கு வழங்கப்பட்டது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கப்பட்டது.

எல்லைப் பகுதியில் வானொலி

பளிங்கு வானொலிக்கு ஒலிபரப்பு நிலையம் அருகில் இருக்க வேண்டும். ஓசூர் சென்னையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆகவே அங்கு சென்னையின் ஒலிபரப்பைப் பளிங்கு வானொலியில் பெற வழியில்லை. மறுபுறம் பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. மைசூரில் எம். வி. கோபாலசுவாமி 1935-இல் தொடங்கிய ‘ஆகாசவாணி’ நிலையம், 1955-இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அப்போது முதல் ஓசூர்ப் பகுதிக்கு மிக அருகிலிருந்த வானொலி நிலையம் அண்டை மாநிலத்தின் நிலையமாக அமைந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் புழங்கும் இவ்வட்டாரத்தின் காதுகளுக்கு, பெங்களூரின் கன்னட நிகழ்ச்சியும் சிற்றலையில் வந்த இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டும் எட்டும் தொலைவில் இருந்தன.

நிர்வாக எல்லைகள் பலமுறை மாறின. சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானது. ஓசூர் 2019-இல் மாநகராட்சியாயிற்று. வானலைகளுக்கு இந்த எல்லைகள் பொருட்டல்ல. இந்தியாவின் முதல் தனியார் பண்பலை வானொலி 2001 ஜூலையில் பெங்களூரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிறிய கைப்பேசிகளில் பண்பலை கேட்க, கம்பியுள்ள இயர்போனைச் செருக வேண்டும். அக்கம்பியே ஏரியலாகப் பயன்படுவதுதான் காரணம். கம்பி இல்லாத காதொலிப்பானால் இந்த வேலையைச் செய்ய இயலாது.

ட்ரான்சிஸ்டரும் வாக்மேனும்

1954-இல் அமெரிக்காவில் ட்ரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்கிய அப்பெட்டிகளுடன் ஒற்றைக் காதுக்கான இயர்போனும் பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வாண்டே பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1960-களில் வால்வுகளையும் ட்ரான்சிஸ்டர்களையும் உள்நாட்டிலேயே தயாரித்தது.

இரு காதுகளுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ காதொலிப்பானை அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஜான் காஸ் 1958-இல் அறிமுகப்படுத்தினார். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எடை குறைந்த, திறந்த அமைப்புள்ள காதொலிப்பானை வெளியிட்டது. 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி நிறுவனத்தின் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கம் இதனால் உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் இத்தகைய பொருள்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பெட்டிகளிலும் சென்னை பர்மா பஜார் போன்ற சந்தைகளிலும்தான் முதலில் காணப்பட்டன. நுகர்பொருள் இறக்குமதிக்கு அன்று கடும் கட்டுப்பாடு இருந்தது. எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் நீக்கப்பட்டன.

தொழிற்பேட்டையும் புதிய கேட்பாளர்களும்

தமிழ்நாடு மாநிலத் தொழில் முன்னேற்ற நிறுவனமான சிப்காட் 1971-இல் தொடங்கப்பட்டது. 1970-களில் ஓசூரில் அதன் தொழிற்பேட்டை உருவாகத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து அசோக் லேலண்ட் வாகனத் தொழிற்சாலை, டிவிஎஸ் இருசக்கர வாகனத் தொழிற்சாலை ஆகியவை வந்தன. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாட்டா குழுமமும் இணைந்து 1984-இல் நிறுவிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரத் தொழிற்சாலையும் ஓசூரில் அமைந்தது. அண்மை ஆண்டுகளில் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இவ்வட்டாரத்தில் ஐபோன் பாகங்களைத் தயாரிக்கிறது. அங்குப் பல்லாயிரம் இளம் பெண்கள் பணிபுரிகின்றனர். பலர் வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியுள்ளனர்.

பலர் ஒரே அறையில் தங்கும் இடத்தில் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்பது இயலாது. இரவு ஷிப்ட் முடித்தவர் தூங்கும்போது பகல் ஷிப்டுக்குச் செல்பவர் எழுந்திருப்பார். வீட்டோடு பேசவும் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் காதொலிப்பான் இன்றியமையாததாகிறது.

மாணவர்களுக்கும் இதே நிலைதான். 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமும், 2019-இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியும், 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த இணையவழி வகுப்புகளும் பாடத்தைக் காதால் கேட்டுப் படிக்கும் தேவையை வளர்த்தன.

விலை குறைந்ததற்கான காரணங்கள்

முதற்காரணம் காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக நியோடிமியம் காந்தம் உருவாக்கப்பட்டது. பழைய காந்தங்களைவிடப் பல மடங்கு வலிமையான இதனால், மிகச் சிறிய ஒலிப்பகுதியிலும் போதிய ஒலி கிடைத்தது.

இரண்டாவது காரணம் பெருந்திரள் உற்பத்தி. சீனாவின் ஷென்சென் நகரைச் சுற்றிக் கைப்பேசிப் பாகத் தொழில் பெருகியபோது, சவ்வு, சுருள், கம்பி, உறை ஆகிய அனைத்தும் குறைந்த விலையில் கிடைத்தன. முன்பு மேடைப் பாடகர்கள் அணிந்த, காதுக்குள் பொருந்தும் ‘ஐஇஎம்’ வகையைச் சிறிய சீன நிறுவனங்கள் குறைந்த விலையில் விற்கத் தொடங்கின. 2010-களின் பிற்பாதியில் இவ்வகை இந்தியாவுக்கும் பரவலாக வந்தது. சென்னையைச் சேர்ந்த ‘ஹெட்போன் சோன்’ போன்ற இணையக் கடைகள் இதற்கு உதவின. 2022-இல் வெளிவந்த மூன்டிராப் நிறுவனத்தின் ‘சூ’ என்ற மாதிரி ஏறத்தாழ 20 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது.

மூன்றாவது காரணம் அளவீடு. செயற்கைக் காதுடன் கூடிய அளவுக் கருவிகள் பரவியதால், எந்த மாதிரி எந்தச் சுருதியைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்பதை வாங்குபவரே வரைபடமாகப் பார்க்க முடிகிறது.

விலையும் ஒலித்தரமும்

விலை கூடினால் ஒலியும் சிறக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 காதொலிப்பான்களை அளந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரை இந்த நம்பிக்கையைச் சோதித்தது. காதொலிப்பான் எந்தச் சுருதியை எவ்வளவு ஒலிக்கச் செய்கிறது என்பதற்கும் அதன் சில்லறை விலைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்பதே அதன் முடிவு. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் தலைமையில் நடந்த ஆய்வுகள் மற்றொன்றைக் காட்டின. எந்த மாதிரி என்று தெரியாமல் கேட்கும்போது, பெரும்பாலான மக்கள் ஏறத்தாழ ஒரே வகையான சமநிலை ஒலியையே விரும்புகின்றனர்.

இதனால் எல்லாக் காதொலிப்பானும் ஒன்றே என்று பொருளாகாது. உழைக்கும் காலம், அணியும் சுகம், ஒலிவாங்கியின் தெளிவு, புற இரைச்சலைத் தடுக்கும் திறன் ஆகியவற்றில் வேறுபாடு உண்டு. ஆனால் சிறிய தொகையுடன் கடைக்குச் செல்பவர் நல்ல ஒலி தமக்கு எட்டாதது என்று கருத வேண்டியதில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் எங்கே கேட்கப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பேருந்திலும் இரயிலிலும் கேட்பவருக்குக் காதை அடைத்து இரைச்சலைத் தடுக்கும் செருகு வகை ஏற்றது. வீட்டில் நீண்ட நேரம் பாடம் கேட்கும் மாணவருக்கு, காதை அழுத்தாத, எடை குறைந்த, ஒலிவாங்கி உள்ள வகை பொருத்தமானது.

இரண்டாவது, கம்பியா கம்பியில்லாததா என்பது. ஒரே விலையில் இரண்டையும் ஒப்பிட்டால், கம்பியில்லாத வகையில் விலையின் ஒரு பகுதி மின்கலத்துக்கும் சில்லுக்கும் மின்னேற்றும் பெட்டிக்கும் போகிறது. கம்பியுள்ளதில் அப்பகுதியும் ஒலிக்கே செலவாகலாம். மேலும் சிறிய மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்டு வாங்குபவருக்கு நல்ல ஒலியே முதன்மை என்றால், கம்பியுள்ள வகையை முதலில் பார்ப்பது நல்லது. கைப்பேசியில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால், டைப்-சி முனையுள்ள இயர்போனோ மாற்றியோ தேவைப்படும்.

மூன்றாவது, பெட்டியின் மேல் உள்ள எண்களைப் புரிந்துகொள்ள வேண்டும். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்பது ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளிலும் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கொண்டு தரத்தை அறிய முடியாது. உள்ளே எத்தனை ஒலிப்பகுதிகள் உள்ளன என்பதும் தரத்தைக் காட்டாது. நன்கு அமைக்கப்பட்ட ஒன்று, சரியாக அமைக்கப்படாத நான்கைவிடச் சிறப்பாக ஒலிக்கும். மின்தடை 16 முதல் 32 ஓம் வரை இருந்தால் பொதுவாகக் கைப்பேசியே எளிதில் இயக்கும்.

நான்காவது, ரப்பர் முனை. செருகு வகையில் பெரும்பாலும் மூன்று அளவு முனைகள் தரப்படுகின்றன. முனை காதை இறுக்கமாக அடைக்காவிட்டால் தாழ்ந்த சுருதிகள் கசிந்து, பாட்டு தகரம் தட்டுவது போல ஒலிக்கும். கருவியே பழுது என்று எண்ணுவதற்கு முன் வேறு அளவு முனையை மாற்றிப் பார்க்க வேண்டும். இதற்குச் செலவில்லை.

ஐந்தாவது, நன்கு பழகிய பாட்டைக் கொண்டு சோதிக்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தனியாகக் கேட்க வேண்டும். அதே நேரத்தில் அது பாடுபவரின் குரலை மூடிவிடக் கூடாது. நாதஸ்வரமும் பெண் குரலின் உச்ச சுருதியும் காதைக் குத்தக் கூடாது. தம்பூராவின் சுருதி பாட்டு முழுவதும் பின்னணியில் மறையாமல் இருக்க வேண்டும். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலியளவில் கேட்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே நல்லது போலத் தோன்றுவது மனித இயல்பு.

ஆறாவது, கம்பி. இயர்போன்கள் பெரும்பாலும் ஒலிப்பகுதியில் பழுதாவதில்லை, செருகுமுனை அருகே கம்பி அறுவதால்தான் பழுதாகின்றன. கம்பியைக் கழற்றி மாற்றும் வசதி இருந்தால் கருவியின் ஆயுள் நீளும்.

ஏழாவது, கம்பியில்லாத வகைகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்தின்கீழ் வருகின்றன. பெட்டியில் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் உள்ளதா என்று பார்த்து, அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைச் சரிபார்க்கலாம். நடைபாதையில் விற்கப்படும் போலிகளை இதனால் ஓரளவு தவிர்க்கலாம்.

செவிநலம்

தொழிற்பேட்டைப் பகுதியில் இத்தேர்வுக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. இயந்திர இரைச்சலால் ஏற்படும் காது கேளாமை, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களுள் ஒன்றாக இருந்தது. பகலில் அழுத்த இயந்திரத்தின் அருகே நின்ற காது, மாலையில் பேருந்தின் இரைச்சலை மீறி உரக்க வைத்த பாட்டையும் தாங்க வேண்டியிருக்கிறது. உடல் இவற்றைத் தனித்தனியாகக் கணக்கிடுவதில்லை.

உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட தரவரையறை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பதை எல்லையாகக் கொள்கிறது. குழந்தைகளுக்கு இது 75 டெசிபெல். ஒலி 3 டெசிபெல் கூடினால் காதில் சேரும் ஆற்றல் இரு மடங்காகிறது. எனவே பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபெல் என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி மட்டுமே. இது ஒரு நாளுக்கல்ல, ஒரு வாரம் முழுமைக்குமான கணக்கு.

உட்செவியில் உள்ள மயிரணுக்கள் அழிந்தால் மனிதரில் அவை மீண்டும் வளர்வதில்லை. இரைச்சலால் முதலில் பாதிக்கப்படுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதிகளாகும். ஒலி கேட்கும், ஆனால் ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்தொலிகள் தெளிவாகப் பிரிந்து கேட்காது. பாட்டுக் கேட்ட பின் காதில் ரீங்காரம் இருந்தால் அது எச்சரிக்கையாகும். இரைச்சலை நன்கு தடுக்கும் ஒரு நல்ல செருகு வகையை வாங்குவது இதனால் காதுக்கான பாதுகாப்பும் ஆகிறது. வெளி இரைச்சல் குறைந்தால் ஒலியளவை உயர்த்த வேண்டிய தேவையும் குறைகிறது.

எனினும் தொழிற்சாலைக்குள் இயர்போன் பாதுகாப்புக் கருவியாகாது. அங்குச் சான்று பெற்ற காதடைப்பானே அணிய வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 44-ஐக் கடக்கும்போதும், இருசக்கர வாகனம் ஓட்டும்போதும், இருப்புப் பாதையருகே நடக்கும்போதும் காதொலிப்பானைக் கழற்றிவிட வேண்டும். வண்டியின் ஒலியை நன்கு தடுக்கும் கருவி, அவ்விடங்களில் அதே காரணத்தாலேயே ஆபத்தானது.

இன்றைய நிலை

1924-இல் சென்னையில் பளிங்கு வானொலி கேட்டவருக்கு, காதொலிப்பானைத் தவிர வேறு தேர்வு இல்லை. இன்று சில நூறு ரூபாய் முதல் பல்லாயிரம் ரூபாய் வரை நூற்றுக்கணக்கான மாதிரிகள் உள்ளன. பெங்களூர் சாலையில் இரவு ஷிப்ட் பேருந்துக்காகக் காத்திருப்பவர், சரியான ரப்பர் முனையுடன் மிதமான ஒலியளவில் கேட்டால், குறைந்த விலைக் கருவியிலேயே பாட்டின் பெரும்பகுதியைத் தெளிவாகப் பெற முடியும். செவியும் பல ஆண்டுகளுக்கு நலமாக இருக்கும்.